இக்கரைப் பள்ளி, அக்கரைப் பள்ளி: பள்ளிக் கால்பந்தும் பயிற்சியாளரும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் வட்டாரத்தில் பள்ளிக் கால்பந்து ஆட்டங்களுக்கு விசில் ஊதுபவன் நான். ஆட்டம் முடிந்து மைதானத்துக்கு வெளியே டீக்கடையில் நிற்கும்போது பெற்றோரும் பழைய மாணவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தாம் என்பதால், அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பாலாற்றுக்குத் தெற்கே உள்ள பள்ளியை இக்கரை என்றும் வடக்கே உள்ளதை அக்கரை என்றும் குறிப்பிடுகிறேன். பெயரைச் சொன்னால், பதிலைப் படிக்கும் முன்பே நான் யார் பக்கம் என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

இந்த ரெண்டு ஸ்கூலுக்கும் அப்படி என்ன சார் பகை?

பகை என்று எதுவும் இல்லை. கோடையில் நீரற்ற பாலாற்று மணலில் இரண்டு செங்கற்களை நட்டு அதையே கோல் கம்பமாக வைத்து ஒன்றாக ஆடிய பையன்களில் பாதிப்பேர் ஜூன் மாதத்தில் இக்கரைச் சட்டையையும் மீதிப்பேர் அக்கரைச் சட்டையையும் போட்டுக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். முன்பின் தெரியாத ஊரிடம் தோற்றால் இரண்டு நாளில் மறந்துவிடலாம். தினமும் ஒரே பேருந்தில் ஏறுகிறவனிடம் தோற்றால் அப்படி மறக்க முடியாது. சூடு அங்கேதான் பிறக்கிறது. அதை ஊதிப் பெரிதாக்குபவர்கள் மாணவர்கள் அல்லர். பிரியாணிப் பந்தயம் கட்டிவிட்டு வந்து நிற்கும் பழைய மாணவர்கள்.

வருஷத்துக்கு எத்தனை தடவை மோதுறாங்க? சில வருஷம் மோதவே இல்லையே?

பள்ளிக் கல்வித் துறை நடத்தும் போட்டிகள், அக்கம்பக்கத்துப் பள்ளிகள் சில சேர்ந்த குறுவட்டத்தில் தொடங்கி, வருவாய் மாவட்டத்தைக் கடந்து, மாநில அளவுக்குப் போகின்றன. 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று பிரிவுகள் தனித்தனி. நம் இரண்டு பள்ளிகளும் வெவ்வேறு குறுவட்டத்தில் இருப்பதால், இரண்டும் தத்தம் குறுவட்டத்தை வென்றால் மட்டுமே மாவட்ட அளவில் எதிரெதிரே வரும். தோற்றால் வெளியேற்றம் என்ற முறையில், ஓர் அணி ஒரு நாள் சறுக்கினாலும் அந்த ஆண்டின் மோதல் இல்லாமலே போய்விடும். இது தவிர முதலமைச்சர் கோப்பையும், பள்ளி அணிகளுக்கான தேசியக் கால்பந்துப் போட்டியாக 1960 முதல் நடந்துவரும் சுப்ரதோ கோப்பைக்கான தகுதி ஆட்டங்களும் உண்டு. தேசியப் பள்ளி விளையாட்டுகளுக்கு மாநில அணியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் போகிறார்கள். சுப்ரதோ கோப்பையிலோ வென்ற பள்ளியே தன் சட்டையோடு போகிறது. அதனால் இரு கரையிலும் சுப்ரதோவுக்குத்தான் மவுசு அதிகம்.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும். “எங்கள் காலத்தில் மாவட்டச் சாம்பியன் என்றால் அதன் எடையே வேறு” என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1989 வரை, வேலூரை உள்ளடக்கிய வட ஆற்காடு மாவட்டம் திருவண்ணாமலையையும் சேர்த்ததாக இருந்தது. 2019 நவம்பர் 28-இல் இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகச் செயல்படத் தொடங்கியபோது, அரக்கோணமும் ஆற்காடும் ஒரு பக்கம் போக, ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்னொரு பக்கம் போயின. முன்பு மாவட்டப் பட்டத்துக்கே அந்த ஊர் அணிகளையெல்லாம் தாண்ட வேண்டியிருந்தது. இப்போது அவர்களை அதற்கு மேற்பட்ட கட்டத்தில்தான் சந்திக்கிறோம். ஆகவே தாத்தாவின் கோப்பையையும் பேரனின் கோப்பையையும் ஒரே அலமாரியில் வைத்து ஒப்பிடுவது இருவருக்கும் செய்யும் அநியாயம்.

பி.டி. சாரும் கோச்சும் ஒண்ணுதானே?

ஒன்றல்ல. உடற்கல்வி ஆசிரியர் பள்ளியின் எல்லா விளையாட்டுகளுக்கும் பொறுப்பானவர். காலை வழிபாட்டு வரிசை, சுதந்திர தின அணிவகுப்பு, தாமதமாக வருபவர்களைக் கேட்டிலேயே நிறுத்துவது ஆகியவையும் நடைமுறையில் அவர் தலையில்தான் விழுகின்றன. அவருடைய படிப்பு உடற்கல்விப் பட்டம். ஹாரி க்ரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அந்தப் படிப்புக்கு நாட்டிலேயே முன்னோடி. பயிற்சியாளர் என்பவர் ஒரே ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பவர். அவருக்கான வரிசை அனைத்திந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் டி உரிமம் போன்ற தொடக்க நிலைகளில் ஆரம்பித்து, ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, ப்ரோ என்று மேலே போகிறது. பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் டிப்ளமோ இன்னொரு வழி.

பல பள்ளிகளில் இரண்டு வேலையையும் ஒருவரே செய்கிறார். அப்படிச் செய்பவரிடம், மாலை நான்கு மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போகும் கோச்சிடம் எதிர்பார்க்கும் அனைத்தையும் எதிர்பார்ப்பது சரியல்ல.

அக்கரையில வெளியிலேருந்து லைசென்ஸ் கோச் வெச்சிருக்காங்க. நமக்கு பி.டி. சார் மட்டும்தான். இது என்ன நியாயமான போட்டி?

விதிப்படி தவறு ஏதும் இல்லை. உரிமம் பெற்றவர் வந்தால் பயிற்சியில் ஒழுங்கு வரும் என்பதும் உண்மைதான். ஆனால் எந்தப் பையன் காலையில் சாப்பிடாமல் வருகிறான், எவன் வீட்டில் சண்டை, எவன் தோல் ஷாப்பில் பகுதிநேர வேலைக்குப் போய்விட்டு வந்து ஆடுகிறான் என்பதெல்லாம் நாள் முழுவதும் பள்ளியில் இருக்கும் ஆசிரியருக்குத்தான் தெரியும். அக்கரையின் வெற்றிக்கு வெளியாள் மட்டுமே காரணம் என்று நான் நினைக்கவில்லை. அங்கே அந்த வெளியாளும் உடற்கல்வி ஆசிரியரும் ஆட்டத்துக்கு முன்பு அணிப் பட்டியலை ஒன்றாக உட்கார்ந்து எழுதுகிறார்கள். இக்கரையினர் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

நம்ம பசங்க பந்தைத் தூக்கித் தூக்கி அடிக்கிறாங்க. அவங்க பாஸ் பண்ணி ஆடுறாங்க. கோச்சிங் சரியில்லைன்னுதானே அர்த்தம்?

பாதி உண்மை. முதலில் மைதானத்தைப் பாருங்கள். இக்கரையின் மைதானம் இறுகிய செம்மண். புல் என்று பார்த்தால் கார்னர் கொடிக்கு அருகே மட்டும்தான் இருக்கிறது. அதில் தரையோடு உருட்டிய பந்து பாதி வழியில் சரளைக் கல்லில் பட்டு முழங்கால் உயரத்துக்கு எழும்பும். தன் கோலுக்கு முன்னால் அப்படி ஒரு பாஸ் தவறினால் நேரே எதிராளியின் காலுக்குப் போகும் என்று தெரிந்த பின்வரிசைப் பையன், பந்தைத் தூக்கி முன்னால் அனுப்புவதை அறிவீனம் என்று சொல்ல மாட்டேன். அந்த மைதானத்தில் அது பிழைக்கும் வழி.

மறுபாதி பயிற்சியில் இருக்கிறது. முப்பது பையன்களுக்கு மூன்று பந்துகள், அதில் ஒன்று சீமைக்கருவேல முள் குத்திக் காற்றிறங்கிக் கம்பத்தடியில் கிடக்கிறது என்றால், பயிற்சி என்னவாகும் என்பதை ஊகிக்கலாம்: நாலு ரவுண்டு ஓட்டம், பிறகு கோலைப் பார்த்து வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு ஷாட். ஒரு மணி நேரத்தில் ஒரு பையனின் கால் பந்தைத் தொடுவது சில தடவைகள் மட்டுமே. பாஸ் என்பது சொல்லிக்கொடுத்து வருவதைவிடத் தொட்டுத் தொட்டு வருவது. காற்றிறங்கியதைச் சரிசெய்து, அதே மூன்று பந்துகளை வைத்துக்கொண்டே, ஐவர் எதிர் ஐவராக மூன்று குறுங்களங்களில் ஆட விட்டால், யாரும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வட்டமாக நால்வர் நின்று பந்தை ஒருவருக்கொருவர் பாஸ் செய்ய, நடுவில் ஒருவன் அதைப் பறிக்க முயலும் பயிற்சிக்கும் செலவு எதுவும் கிடையாது.

ஆகவே கோச்சை எடைபோட விரும்புகிறவர்கள், ஆட்ட நாளில் பந்து எவ்வளவு தூரம் போகிறது என்பதை விட்டுவிட்டு, பயிற்சி நாளில் ஒரு பையன் எத்தனை தடவை பந்தைத் தொடுகிறான் என்று எண்ணிப் பார்க்கட்டும். தன்னிடம் வரும் பந்தை முதல் தொடுதலிலேயே காலடியில் நிறுத்தத் தெரிந்தவன், நல்ல மைதானம் கிடைத்த அன்று தானாகவே பாஸ் ஆடுவான்.

என் பையன் நல்லா ஆடுறான். ஆனா அந்த ஒரு மேட்ச்ல மட்டும் பெஞ்சில உட்கார வெச்சுட்டார். யார்கிட்ட போய்க் கேக்கறது?

கோச்சிடம்தான். ஆனால் ஆட்டம் முடிந்த சூட்டில் வேண்டாம். மறுநாள், பையனையும் உடன் வைத்துக்கொண்டு கேளுங்கள். “ஏன் இறக்கவில்லை?” என்று கேட்டால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் பதிலைத்தான் சொல்வார். “அடுத்த முறை இறங்க இவன் என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?” என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும், கிடைக்காவிட்டால் அவரிடம் பதில் இல்லை என்பதாவது தெரியும். தலைமையாசிரியரிடம் போவது பாதுகாப்பு தொடர்பான விஷயங்களுக்கு மட்டும் இருக்கட்டும். அவற்றைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

கேலரியிலேருந்து ‘மேலே ஏறு, ஷூட் பண்ணு’ன்னு சொல்றது தப்பா சார்?

ஆட்ட விதிகளின்படி, பயிற்சியாளருக்கான எல்லைக்குள்ளிருந்துகூட ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே ஆட்ட உத்தி பற்றிய குறிப்புகளைச் சொல்லலாம். அங்கேயே ஒரு குரல்தான் என்னும்போது, கோல் கம்பத்துக்குப் பின்னால் இருபது குரல்கள் எழுந்தால் பதினான்கு வயதுப் பையன் யார் சொல்வதைக் கேட்பான்? கைதட்டுங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், மேளம்கூட அடியுங்கள். உத்தியை மட்டும் விட்டுவிடுங்கள்.

2019 முதல் பயிற்சியாளருக்கும் அணி அலுவலர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் காட்ட நடுவருக்கு அதிகாரம் உண்டு. பெஞ்சிலிருந்து வசவு வந்து, யார் சொன்னது என்று தெரியாவிட்டால், அங்கே இருக்கும் மூத்த பயிற்சியாளருக்கே அட்டை போகும். பெஞ்சுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு என்னைத் திட்டும் அண்ணன்மார்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கோச் பசங்களைக் கண்டபடி திட்டுறார், ஒரு தடவை அடிச்சும் விட்டார். ‘அடிச்சாத்தான் ஆடுவான்’னு சொல்றாங்களே?

அடிப்பது சட்டப்படி குற்றம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17-ஆம் பிரிவில், உடல்ரீதியான தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மைதானம் என்பதால் விலக்கு எதுவும் இல்லை. மேலே பெஞ்சு பற்றிய கேள்வியில் சொன்ன “பாதுகாப்பு தொடர்பான விஷயம்” இதுதான். இதற்கு நேராகத் தலைமையாசிரியரிடம் போகலாம், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

சட்டத்தை ஒதுக்கிவிட்டு ஆட்டத்தை மட்டும் பார்த்தாலும் இது பலன் தருவதில்லை. அடிக்குப் பயந்தவன் பந்தை விரைவாகத் தன்னிடமிருந்து தள்ளிவிடவே பார்ப்பான். ‘தூக்கி அடிக்கிறான்’ என்று மேலே ஒருவர் குறைப்பட்டாரே, அதற்கு இதுவும் ஒரு காரணம். குரல் உயர்த்துவது வேறு. மைதானம் பெரியது, கத்தாமல் கேட்காது. “இடது பக்கம் ஆள் இருக்கிறான்” என்று கத்துவது பயிற்சி. “நீ எதற்கும் லாயக்கில்லை” என்று கத்துவது பயிற்சி அல்ல.

இந்த வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு மேட்ச் வைக்கிறாங்களே?

ஒரே நாளில் பல ஆட்டங்களை முடிக்க வேண்டியிருப்பதால் அப்படி நேர்கிறது. வேலூர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போட்டி விதிகள் அனுமதித்தால், ஒரு நிமிடத்துக்கு மிகாத தண்ணீர் இடைவேளையோ, ஒன்றரை முதல் மூன்று நிமிடம் வரையிலான குளிர்விப்பு இடைவேளையோ தரலாம். ஆட்டத்துக்கு முன்பே இரு கோச்சுகளும் சேர்ந்து கேட்டால் நடுவருக்கு வேலை எளிது. பையன் தள்ளாடினாலோ, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, அது வெறும் களைப்பு அல்ல. உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும்.

போன வருஷம் ஒரு பையன் தலையில அடிபட்டும் கட்டுப் போட்டுக்கிட்டு ஆடினான். அந்த வீரம் இப்ப எங்க சார்?

அதை வீரம் என்று சொல்லாதீர்கள். தலை மோதலுக்குப் பிறகு மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். அந்த நிலையில் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து. சந்தேகம் இருந்தாலே வெளியே உட்கார வைப்பதுதான் உலகம் முழுவதும் உள்ள நடைமுறை. அப்படி நட்சத்திர ஆட்டக்காரனை வெளியே எடுத்து அதனால் ஆட்டத்தைத் தோற்ற கோச்சை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். கேலரி அவரை என்னவெல்லாம் சொன்னது என்பதையும் காதால் கேட்டேன்.

அவங்க டீம்ல மீசை வெச்ச ஆளெல்லாம் அண்டர் செவன்டீன்ல ஆடுறாங்க. நீங்க ஏன் கேக்கறதில்லை?

சான்றிதழ்களைச் சரிபார்ப்பது போட்டியை நடத்துபவர்களின் வேலை. மீசையைப் பார்த்து வயதைச் சொல்ல நடுவருக்கு அதிகாரம் இல்லை. பதினைந்து வயதில் மீசை வருபவனும் உண்டு, இருபதிலும் வராதவனும் உண்டு. சம்மேளனத்தின் இளையோர் போட்டிகளில் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சியை மதிப்பிடும் டி.டபிள்யூ.3 முறையைப் பயன்படுத்துகிறார்கள்; பள்ளிக் குறுவட்ட ஆட்டத்துக்கு அதெல்லாம் வராது. சந்தேகம் இருந்தால் ஆட்டத்துக்கு முன்பே அணி மேலாளர் எழுத்தில் ஆட்சேபம் தர வேண்டும். தோற்ற பிறகு தருவதை யாரும் மதிப்பதில்லை. இதைக் கேட்கும் அப்பாக்களில் பலரின் சான்றிதழிலேயே பிறந்த தேதி ஜூன் முதல் வாரமாக இருப்பது தனிக்கதை.

பத்தாவது முடிச்ச உடனே நம்ம நல்ல பையனை அவங்க இழுத்துக்கிட்டாங்க. இது திருட்டுதானே?

பதினோராம் வகுப்பில் பள்ளி மாறுவது மாணவனின் உரிமை. அவன் கேட்கும் பாடப்பிரிவு அங்கே இருக்கலாம். கட்டணச் சலுகை கிடைத்திருக்கலாம். கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு உதவும் சான்றிதழ்கள் அங்கே போனால் கிடைக்கும் என்று வீட்டில் கணக்குப் போட்டிருக்கலாம். தோலும் பீடியும் சோறு போடும் வீட்டிலிருந்து வரும் பையனுக்கு அந்தக் கணக்கு சிறியதல்ல. நான் ஏற்காதது ஒன்றுதான்: நட்சத்திரம் என்று கூட்டிக்கொண்டு போய், முழங்கால் போனதும் சலுகையை நிறுத்திவிடுவது. போகும் முன் இதை மட்டும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பொண்ணுங்க டீமைப் பத்தி யாரும் பேசறதே இல்லையே?

பேச வேண்டும். 2018-இல் தேசியப் பெண்கள் கால்பந்து சாம்பியன்ஷிப்பில் மணிப்பூரை வீழ்த்திப் பட்டம் வென்றது தமிழ்நாட்டு அணி. இங்கே இரு கரையிலும் பெண்கள் அணிக்கு ஆண்கள் ஆடி முடித்த பிறகு, இருட்டும் நேரத்தில்தான் மைதானம் கிடைக்கிறது. இருட்டிவிட்டால் வீட்டில் அனுப்புவதில்லை. வாரத்தில் இரண்டு நாள் முதல் மணி நேரத்தை அவர்களுக்குக் கொடுத்தாலே அணி நிற்கும். அதற்குப் பணம் தேவையில்லை.

ரெண்டு வருஷமா அக்கரைகிட்ட தோத்துட்டார். கோச்சை மாத்த வேண்டாமா?

இந்த ஒரு கேள்விக்காகவே இந்தத் தொகுப்பை எழுதத் தொடங்கினேன். கால்பந்து கோல் குறைந்த ஆட்டம். ஒன்றுக்குப் பூச்சியம் என்று முடியும் ஆட்டத்தில், கம்பத்தில் பட்ட ஒரு பந்து இரண்டு அங்குலம் உள்ளே போயிருந்தால் நீங்கள் அவருக்கு மாலை போட்டிருப்பீர்கள். ஆண்டுக்கு ஒரு முறை, அதுவும் சில ஆண்டு நடக்காமலே போகும் ஓர் ஆட்டத்தை வைத்து ஒருவரின் வேலையை அளக்க முடியாது.

அளக்க வேறு வழி இருக்கிறது. ஆறாம் வகுப்பில் பந்து ஆட வந்தவர்களில் எத்தனை பேர் பத்தாம் வகுப்பிலும் ஆடுகிறார்கள்? அணியில் இடம் கிடைக்காதவன் பயிற்சிக்கு வருகிறானா, நின்றுவிட்டானா? ஒரே வகைக் காயம் அடிக்கடி வருகிறதா? ‘ஃபிஃபா 11+’ என்ற இருபது நிமிட முன்பயிற்சியை வாரம் இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் குறைகின்றன என்பது ஆய்வில் தெரிந்தது; அதைச் செய்விக்கிறாரா? பிளஸ் டூ மாணவனைத் தேர்வுக்கு எப்போது விடுவிக்கிறார்? இவற்றில் தேறாதவர் அக்கரையை ஐந்து முறை வென்றாலும் மாற்றப்பட வேண்டியவர்தான் என்பது என் கருத்து. தேறியவரை, இரண்டு தோல்விக்காக மாற்றினால், புதிதாக வருபவர் அந்த ஒரு ஆட்டத்துக்காக மட்டுமே ஆண்டு முழுவதும் அணியைத் தயார் செய்வார். சிறு வகுப்புப் பிள்ளைகளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

‘அந்தப் பத்தாம் நம்பரைப் பாத்துக்கோ’ன்னு கோச் சொன்னா என்ன அர்த்தம் சார்?

சொல்லும் தொனியில் இருக்கிறது. அவனை விட்டு விலகாதே, அவனுக்குப் பந்து போகும் வழியில் நில் என்றால் அது நல்ல உத்தி. ஆனால் ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடத்துக்குள், பந்து போய்விட்ட பிறகும் அதே பையனின் கணுக்காலில் ஒரு கால் விழுகிறது, சற்று நேரத்தில் வேறொருவனின் கால், பிறகு மூன்றாமவன். ஆளுக்கு ஒரு தவறு என்பதால் யாருக்கும் அட்டை வராது என்று எண்ணுகிறார்கள். ஒரே ஆளைக் குறிவைத்துப் பலர் முறை வைத்து அடிப்பதை நடுவர்கள் கவனிக்கிறார்கள். மூன்றாமவனுக்கு அது முதல் தவறாகவே இருந்தாலும் மஞ்சள் அட்டை வரும், வேகமும் முரட்டுத்தனமும் மிகுந்தால் சிவப்பே வரும். அன்று மாலை அதே பேருந்தில் அந்தப் பத்தாம் நம்பர் நொண்டிக்கொண்டு ஏறுவான் என்பதையும் கோச் யோசிக்க வேண்டும்.

பெனால்டி ஷூட்அவுட்ல போயும் போயும் ஒன்பதாவது படிக்கிற பையனை அடிக்க விட்டார். அவன் வெளியே அடிச்சுட்டான். அது கோச் தப்புதானே?

வகுப்பு ஒரு பொருட்டல்ல. ஆட்டம் முடிந்தபோது களத்தில் இருந்த யாரும், கோல்கீப்பர் உட்பட, அடிக்கலாம். வரிசையை அணியே முடிவு செய்துகொள்கிறது, நடுவரிடம் முன்கூட்டிச் சொல்ல வேண்டியதும் இல்லை. பெரிய போட்டிகளில், தொழில்முறை ஆட்டக்காரர்களே ஏறக்குறைய நான்கில் ஒன்றைத் தவறவிடுகிறார்கள்.

நான் பார்ப்பது கோச் அந்த இடைவெளியில் என்ன செய்கிறார் என்பதைத்தான். சிலர் விரலை நீட்டி “நீ, நீ, நீ” என்கிறார்கள். சிலர் “யார் அடிக்கிறீர்கள்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பையன் தானாகக் கை தூக்கியவன். பிளஸ் ஒன் அண்ணன்களில் இருவர் அப்போது குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வரிசையில் ஐந்தாவதாக அவனை வைத்திருக்க வேண்டாம், இரண்டாவதாக வைத்திருக்கலாம் என்பது மட்டும்தான் கோச்சிடம் எனக்குள்ள மாற்றுக் கருத்து. அடுத்த ஆண்டு அவன் பத்தாம் வகுப்பு, அதே 17 வயதுப் பிரிவில்தான் இருப்பான்.